இருபது முகம், ஒன்பதாம் இதழ்

நாற்பத்தைந்து பிரதிகள்.
மில்வூட்ஸில் நகலெடுக்கும் கடை ஏழு மணிக்குப் பூட்டும்.
ஆறு ஐம்பதுக்கு என் ஸ்டேப்ளரில் கம்பி தீர்ந்தது.
கடைக்காரர் தன்னுடையதை நீட்டினார்,
அட்டையிலிருந்த பூதத்தைப் பார்த்து
"உங்கள் கடவுளா?" என்று மரியாதையாகக் கேட்டார்.
இல்லை, என்றேன்.
நாற்பது உயிர்ப்புள்ளி, நெருப்பென்றால் பயம்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் உறுமி, யோசித்து, பிறகு சம்மதித்தது.

இந்த இதழ் இரண்டு மாதம் பிந்தியது
கடிதங்களால்.

ரெஜைனாவிலிருந்து யதுகுலன்:
'பக்கம் ஆறில் எட்டு முகப் பகடை என்கிறீர்கள்,
அதே அடிக்குப் பக்கம் ஒன்பதில் ஆறுமுகம்.
முருகனை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்?'

நியாயம்தான்.
எங்கள் மேசையில் அப்படியே பழகிவிட்டது:
நாலுக்கு நான்முகன், ஆறுக்கு வேலன்,
பத்துக்கு இராவணன்.
எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் யாரும் அகப்படவில்லை.
இருபதுக்குத் தேடித் தேடி
ஒருவரும் இல்லையென்றானதும்
அதையே இதழின் பெயராக வைத்தோம்.

சர்ரேயிலிருந்து அபிதாரணி:
'மந்திர வாள் என்பது மந்திர வாழ் என்று அச்சாகியிருக்கிறது.
அதை எந்த உறையில் போடுவது?'

அபிதாரணி, மன்னிக்கவும், என் விரல்.
ஆனாலும் அந்த ஆயுதம் எனக்குப் பிடித்துப்போயிற்று.
மந்திர வாழ்: யாரையும் வெட்டாது.
ஏந்தியவர் ஒரே ஒருமுறை
சாகாமல் தப்பலாம்.

கடைசி உறை மெடிசின் ஹாட்டிலிருந்து.
ஒரே தாள், நீல மை, கோடு போடாமலே நேரான வரிகள்.
பெயர் தவரூபி.

'உங்கள் உப்பேரிக் கதையை விளையாடினோம், நான்கு பேர், சனி இரவு.
படகோட்டி கூலி கேட்கிறான்:
இனி ஒருபோதும் உச்சரிக்க முடியாத ஒரு பெயர்.
மற்ற மூவரும் உடனே கொடுத்துவிட்டார்கள்.
பழைய முதலாளி. பிரம்பால் அடித்த சேர்.
வாடகை முற்பணத்தோடு ஓடிப்போன அறைத்தோழன்.
சிரிப்பு.
பிறகு என் முறை.
என்னிடம் இருந்தது ஒரு பெயர்தான்.
தேநீர் ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.
நான் கரையிலேயே நின்றுவிட்டேன்.
உங்கள் விதிகளில் அதற்கு இடமில்லை.
அடுத்த முறை யோசித்து எழுதுங்கள்.'

அந்தக் கூலியை எழுதியவள் நான்.
ஒரு புதன்கிழமை, பஸ் தரிப்பிடத்தில்,
ரசீதின் பின்பக்கத்தில்,
என்னை நானே மெச்சிக்கொண்டு.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
மன்னிப்பில் தொடங்கியது விளக்கமாயிற்று,
விளக்கம் நீண்டு பெருமையாயிற்று.
கிழித்தேன்.
மறுபடியும் அதே.

லோஜிதன் சொன்னான், வரைபடங்கள் அவன் பொறுப்பு:
"விளையாட்டுத்தானே. எச்சரிக்கை ஒன்று போடு,
சின்ன எழுத்தில்."
சொல்லிவிட்டுத் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஏரி, படகு, மறுகரையில் ஏழு கோபுரக் கோட்டை,
ஒவ்வொரு கல்லுக்கும் நிழல்.
இக்கரையில்
ஒரு புள்ளி மட்டும்.
"இங்கே நான் ஒன்றும் கீறவில்லை," என்றான்.
"யாரும் நிற்பார்களென்று நினைக்கவில்லை."
பென்சிலைச் சீவத் தொடங்கினான்.

ஒன்பதாம் இதழ், கடைசிப் பக்கம், பிழை திருத்தம்:

பக்கம் 9: எட்டு முகம் என்று படிக்கவும். வேலன் மன்னிப்பாராக.
பக்கம் 11: வாழ். திருத்தம் இல்லை.
பக்கம் 14: கூலி கொடுக்க இயலாதவர்
கொடுக்க வேண்டாம்.
கரையில் ஒரு குடில் உண்டு, படம் பார்க்க.
அடுப்பு, கம்பளி, மூன்று நாளைக்கு விறகு.
பெயரை அங்கே எவ்வளவு சத்தமாகவும் சொல்லலாம்.
படகோட்டி காத்திருப்பான்.
பகடை உருட்டத் தேவையில்லை.

மெடிசின் ஹாட் பிரதிக்கு மட்டும்
கூடுதலாக ஒரு கம்பி அடித்தேன், ஏனென்று தெரியாது.

முத்திரை ஒட்டும்போதே தெரிந்தது,
ரெஜைனாவிலிருந்து கடிதம் வரும்:
'சரி. நான்காம் நாள்
விறகுக்கு என்ன செய்வது?'